மூடியின் எடை

ஒரு வேதியியல் மாணவியைக் கெடுப்பதற்கு அமிலமும் நெருப்பும் வேண்டாம், ஒரு நல்ல எண் போதும். இரண்டாம் ஆண்டு படிக்கும் சொட்டுவுக்கு வாய்த்த எண் தொண்ணூற்றிரண்டு.

சொட்டு என்பது பட்டப்பெயர். முதல் வருடம் செய்முறைத் தேர்வில் ஒரே ஒரு சொட்டு கூடுதலாக விழுந்து குடுவை முழுக்கச் சிவந்துபோனதற்காக அரை நாள் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு ஒட்டிய பெயர் அதற்குப் பிறகு எந்தச் சோப்புக்கும் போகவில்லை. அவள் அம்மாவே ஒருமுறை தொலைபேசியில் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டாள்.

தொண்ணூற்றிரண்டு என்பது விளைச்சல். ஒரு வேதிவினையில் போட்ட பொருள் எல்லாம் வேண்டிய பொருளாக மாறிவிட்டால் அது நூறு சதவீதம். அப்படி யாருக்கும் வருவதில்லை. ஆய்வக வகுப்பெடுக்கும் மேடம் கொடுத்த வினைக்குப் பாடப்புத்தகமே அறுபதுதான் சொல்கிறது, அதுவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பயன்படுத்த வேண்டிய ஒரு நாற்றக் கரைப்பானில். சொட்டு அதற்குப் பதில் வெறும் தண்ணீரில் செய்தாள். தொண்ணூற்றிரண்டு வந்தது. மேடம் நம்பாமல் மறுபடி செய்யச் சொன்னார். தொண்ணூற்றொன்று வந்தது. அதன் பிறகு மேடத்தைப் பிடிக்க முடியவில்லை. துறை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பொருளை வைத்திருக்கும் சின்னக் கண்ணாடிப் புட்டிக்கு ஆங்கிலத்தில் ‘வயல்’ என்பதால், “நம்ம சொட்டு வயல்ல இந்தத் தடவை அமோக விளைச்சல்” என்று வகுப்பே கேலி பேசியது. கேலியில் பாதி பொறாமை, அது சொட்டுவுக்கும் தெரியும். இனித்தது.

அந்த எண்ணைத்தான் அவள் கோடை ஆய்வு உதவித்தொகைக்கான விண்ணப்பத்தின் முதல் வரியில் எழுதியிருந்தாள். ஓர் அறக்கட்டளை கொடுக்கும் உதவி அது. துறைக்கு வருடம் ஓர் இடம்தான். எட்டு வாரம் விடுதியில் அறை, ஆய்வகச் சாவி, கைச்செலவுக்குப் பணம். சாவிதான் முக்கியம். பரீட்சைக்காக இல்லாமல், மணியடித்ததும் கழுவி வைத்துவிட்டு ஓடாமல், எட்டு வாரம் தன் இஷ்டத்துக்கு ஒரு வினையை நோண்டிக்கொண்டிருக்கலாம். அவளுக்கு வாழ்க்கையில் இதுவரை வேறு எதுவும் இவ்வளவு வேண்டியிருந்ததில்லை.

கிடைக்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. விடுதி நாளை மறுநாள் மூடுகிறது. வீட்டுக்குப் போய், சித்தப்பாவின் பார்சல் அலுவலகத்தில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். “ரெண்டு வருஷம் படிச்ச பொண்ணு, லேபிள் நேரா ஒட்டுவா” என்று சித்தப்பா அப்பாவிடம் சொல்லியிருந்தார். அவர் பாராட்டும்போதுகூட இப்படித்தான் பாராட்டுவார்.

நேர்காணல் காலை பதினொரு மணிக்கு. மாதிரியைக் கையோடு கொண்டுவரும்படி மேடம் சொல்லியிருந்ததால் சொட்டு ஒன்பதரைக்கே ஆய்வகத்துக்குப் போனாள். ஈரம் படாமல் பொருட்களை வைக்கும் கண்ணாடிச் சாடியைத் திறந்து தன் குப்பியை எடுத்தாள். கறுப்பு மூடி போட்ட குப்பி, உள்ளே வெள்ளைப் பொடி. தராசில் வைத்தாள். 13.81. நோட்டில் எழுதியிருந்த அதே எடை. லேபிளில் இருந்த காலிக் குப்பியின் எடை 11.42. கழித்தால் 2.39 கிராம். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அறையின் மறுகோடியில் ஸ்டோர் அண்ணன் உட்கார்ந்து அடுத்த பருவத்துக்கான புதுக் குப்பிகளுக்கு லேபிள் எழுதிக்கொண்டிருந்தார். ஆய்வகச் சாமான்களைக் கொடுத்து வாங்குபவர் அவர்தான். வயல் என்று அவர் வாயில் வராது, குப்பிதான். நாளடைவில் ஆய்வகமே அவர் வழிக்கு வந்துவிட்டது. நாற்பது பேருக்கு ஒரே நல்ல தராசு என்பதால், குப்பிகளைத் தானே முன்கூட்டி எடைபோட்டு லேபிள் ஒட்டும் வழக்கத்தை இந்தப் பருவத்தில்தான் அவர் ஆரம்பித்திருந்தார். மற்ற மாணவர்களுக்குக் காகிதத்தில் கொட்டி எடைபோடும் வேலைதான். குப்பி வாங்கியது மேடத்தின் வினையைச் செய்த இரண்டே பேர், சொட்டுவும் அவள் மேசைத் தோழி ஆமையும்.

சொட்டு அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அண்ணன் ஒரு குப்பியைத் தன் பழைய தராசில் வைத்தார், எண்ணைப் பார்த்தார், எழுதினார், ஒட்டினார். அடுத்ததை எடுத்தார். மூடிகள் எல்லாம் பக்கத்தில் தனி அட்டைப்பெட்டியில் கிடந்தன.

“அண்ணே, மூடி போடாம எடை போடுறீங்க?”

“குப்பிக்குத்தானேம்மா எடை? மூடி தனிப் பெட்டில வருது. எந்த மூடி எதுக்குப் போகும்னு நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?”

“எங்களுக்குக் கொடுத்ததும் இப்படித்தானா?”

“எல்லாமே இப்படித்தான். லேபிள்லயே தெளிவா எழுதியிருக்கேனே. குப்பி 11.42. மூடின்னு எங்கயாவது எழுதியிருக்கேனா?”

எழுதவில்லை. அவர் பங்கில் குற்றமே சொல்ல முடியாது. அவருக்குக் குப்பி என்றால் குப்பி. சொட்டுவுக்குக் குப்பி என்றால் மூடியும் சேர்ந்தது. பொடி ஈரம் இழுத்துவிடும் என்று பயந்து கடைசி எடையை அவள் எப்போதும் மூடி போட்டுத்தான் எடுத்திருந்தாள். இரண்டாம் முறையும் அப்படியே. பத்துத் தடவை செய்திருந்தாலும் பத்திலும் அந்த மூடி ஏறி உட்கார்ந்திருக்கும்.

பெட்டியிலிருந்து ஒரு மூடியை எடுத்து நல்ல தராசில் வைத்தாள். 0.86. கணக்குப் போடக் காகிதம் தேவைப்படவில்லை. 2.39இல் 0.86 போனால் 1.53. விளைச்சல் ஐம்பத்தொன்பது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனுக்கு விஷயம் புரிய அரை நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முகம் அவளுடையதைவிட மோசமாக வெளுத்தது. வருடாவருடம் புதுப்பிக்கப்படும் வேலை அவருடையது. “அம்மா, என் பேரை எங்கயும் சொல்லிடாதம்மா” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சொல்லணும்னு என்ன கட்டாயம்? மூடியைப் போட்டு எடுத்துட்டுப் போ. உள்ள இருக்கிறவங்க தராசைத் தூக்கிட்டா வரப்போறாங்க?” என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இங்கே பூசணிக்காய் இல்லை, கட்டைவிரல் நுனி அளவு ஒரு மூடி. அதை மறைப்பதற்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, திருகி வைத்தாலே போதும். எட்டு வாரத்தில் எப்படியாவது உண்மையாகவே தொண்ணூற்றிரண்டைக் கொண்டுவந்துவிடலாம், அப்போது பொய் என்று எதுவும் மிஞ்சாது என்று சொட்டு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வக்கீலுக்குப் படித்திருந்தால் நன்றாக வந்திருப்பாள். குப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நடைபாதையில் ஆமை வந்துகொண்டிருந்தாள். வகுப்பிலேயே எல்லாவற்றையும் கடைசியாக முடிப்பவள், அதனால் அந்தப் பெயர். ஒரு துளியைச் சேர்ப்பதற்கு முன் மூன்று முறை குறிப்பைப் பார்ப்பாள். அடுத்தவர் எழுதிய லேபிளை நம்பமாட்டாள். தன் குப்பியை மூடியோடு தானே எடைபோட்டுக்கொண்டவள். அதே வினை, அதே தண்ணீர், அவளுக்கு வந்தது ஐம்பத்தெட்டு. உதவித்தொகைக்கு அவளும் விண்ணப்பித்தாள். மேடம் இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “உனக்கு ஓட்டைக் கைம்மா, வழியெல்லாம் சிந்துது” என்று சிரித்துக்கொண்டே சொல்லி அவள் பெயரை அடித்துவிட்டார். மேடம் சிரித்தார், ஆமை சிரிக்கவில்லை.

“இன்னும் கிளம்பலையா?” என்றாள் ஆமை. “பதினொண்ணுக்குத்தானே? உனக்குக் கிடைக்கும், பயப்படாதே.”

“நீ எங்க போறே?”

ஆமை கையிலிருந்த தாளைக் காட்டினாள். துறை மாற்ற விண்ணப்பம். வேதியியலிலிருந்து புள்ளியியலுக்கு. பன்னிரண்டு மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும்.

“என்னடி இது?”

“கணக்குக்குக் கை வேண்டாம், தலை போதும்” என்றாள் ஆமை. “மூணு தடவை பார்த்துப் பார்த்துச் செஞ்சும் அம்பத்தெட்டுன்னா, அது கையில இல்லைன்னுதானே அர்த்தம்? நீ கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்சே, தொண்ணூத்திரெண்டு. சிலருக்கு வருது, சிலருக்கு வரலை.”

சொட்டுவுக்கு வார்த்தை தொண்டை வரை வந்தது. ஒரே ஒரு வாக்கியம். உன் கை சரியான கை, என் மூடிதான் தப்பு. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதைச் சொன்ன மறு நிமிடம் சாவி போய்விடும், எட்டு வாரம் போய்விடும், சித்தப்பாவின் பசை டப்பா வந்துவிடும்.

“நல்லா யோசிச்சுக்கோ” என்றாள்.

யோசிச்சுக்கோவாம்! யோசிப்பதற்கு வேண்டிய ஒரே விஷயத்தைத் தன் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, தோழிக்கு இலவசமாக அறிவுரை. ஆமை தலையாட்டிவிட்டு மெதுவாக அலுவலகப் பக்கம் நடந்து போனாள். சொட்டு அவள் முனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள், கூப்பிடவில்லை.

நேர்காணல் அறையில் மூன்று பேர். மேடம், துறைத்தலைவர், அறக்கட்டளையிலிருந்து வந்தவர். வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒருத்தருக்குக் கோடையைக் கொடுத்துவிட்டுப் போவதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கோடை மாமா. மாமா என்றாலும் முகத்தில் உறவு எதுவும் தெரியாது. எதிரில் இருப்பவர் பேசும்போது பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தம் இன்றைக்குச் சொட்டுவுக்குத் தாங்கவில்லை.

குப்பியை மேசையில் வைத்தாள். மேடம் பெருமையோடு அதைக் கோடை மாமாவின் பக்கம் கொஞ்சம் நகர்த்திவைத்தார்.

“சொல்லும்மா” என்றார் துறைத்தலைவர்.

சொன்னாள். நாற்றக் கரைப்பானில் ஆரம்பித்து, தண்ணீருக்கு வந்து, வெப்பநிலையைச் சொல்லி, திரையில் காட்டிய விளைச்சல் வரிக்கு வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு விநாடிதான். “விளைச்சல் தொண்ணூற்றிரண்டு சதவீதம்” என்று படித்தாள். கூரை இடிந்து விழவில்லை. கோடை மாமா குறித்துக்கொண்டார். இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

கேள்விகள் வந்தன. எட்டு வாரத்தில் என்ன செய்வாய், வேறு பொருட்களுக்கும் இது சரிப்படுமா. எல்லாம் அவள் கண்ணாடி முன் நின்று பழகிய பதில்கள். பத்து நிமிடம் தடங்கல் இல்லாமல் போயிற்று. மேடம் லேசாகத் தலையசைத்தார். முடிந்துவிட்டது என்று சொட்டு நினைத்தபோது கோடை மாமா பேனாவை மூடினார்.

“வேற யாராவது இதைச் செஞ்சு பார்த்தாங்களா? வேற கையில?”

பதிலை மேடம் முந்திக்கொண்டார். “இன்னொரு பொண்ணு செஞ்சா சார். அம்பத்தெட்டு. அதைக் கணக்குல எடுத்துக்க வேண்டாம். நல்ல பொண்ணுதான், ஆனா கை சுத்தமில்லை.”

கோடை மாமா மறுபடி பேனாவைத் திறந்தார். ‘கை சுத்தமில்லை’ என்று அவர் எழுதப்போகிறார் என்று சொட்டுவுக்குத் தோன்றியது. எங்கேயோ ஒரு கோப்பில், ஆமை பார்க்கவே முடியாத ஒரு தாளில், அது இருக்கப்போகிறது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெட்கமா கோபமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

“இல்ல மேடம். அவ கை சுத்தம்.”

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். சொட்டு குப்பியைத் தன் பக்கம் இழுத்தாள். மூடியைத் திருகினாள். கழற்றி மேசையில் தனியாக வைத்தாள்.

“காலிக் குப்பியை மூடி இல்லாம கழிச்சிருக்கேன். கடைசி எடையை மூடியோட எடுத்திருக்கேன். ரெண்டு தடவையும். இந்த மூடி 0.86 கிராம் சார். அதைக் கழிச்சா என்னோடது அம்பத்தொம்பது. அவளோடது சரியான எண்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “காலி எடை யார் போட்டது?” என்றார் துறைத்தலைவர்.

அண்ணனின் வெளுத்த முகம் நினைவுக்கு வந்தது. “லேபிள்ல சரியாத்தான் எழுதியிருந்தது சார். தப்பாப் படிச்சது நான்.”

“நான் உனக்கு எழுதின சிபாரிசுக் கடிதத்துல என்ன எழுதியிருக்கேன் தெரியுமா?” என்றார் மேடம். திட்டியிருந்தால் தேவலை. அவர் குரல் உடைந்திருந்தது. பிறகு அவர் மேசையில் கிடந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பொண்ணை நான் ஓட்டைக் கைன்னு சொன்னேன்” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

கோடை மாமா மட்டும் நிதானமாக இருந்தார். தாளில் ஏதோ கணக்குப் போட்டார். “தண்ணியில அம்பத்தொம்பது. இன்னொரு கையில அம்பத்தெட்டு. புத்தகத்துல, அந்தக் கரைப்பான்ல, அறுபது. அப்போ கரைப்பானே தேவையில்லைன்னு ஆகுது. நல்ல முடிவுதானே இது? இதுக்கே இடம் கொடுக்கலாம்.”

சொட்டுவுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது.

“இந்த மூடி விஷயம் உனக்கு எப்போ தெரியும்மா?”

“காலையில. ஒம்பதே முக்காலுக்கு.”

“அப்போ சித்த முன்னாடி தொண்ணூத்திரெண்டுன்னு எனக்குப் படிச்சுக் காட்டினியே, அப்போ தெரியும்.”

“தெரியும் சார்.”

அவர் தலையை ஆட்டினார். கோபம் எதுவும் இல்லை, அதுதான் கொடுமை. “நீ அம்பத்தொம்பதோட உள்ள வந்திருந்தா, இந்த இடம் உனக்குத்தான். கடைசியில சொன்னே, அதை நான் மறக்க மாட்டேன். ஆனா பூட்டின ஆய்வகத்துல எட்டு வாரம் தனியா விடணும்னா, முதல் நிமிஷத்திலேயே சொல்ற ஆள் எனக்கு வேணும்.” துறைத்தலைவர் பக்கம் திரும்பினார். “அந்த இன்னொரு பொண்ணைப் பார்க்கலாமா?”

“அவ பேரு பட்டியல்ல இல்லையே.”

“எழுதினாச் சேர்ந்துடும்.”

மேடம் எழுந்தார். “நானே போய்க் கூப்பிடுறேன்.”

“அவ அலுவலகத்துல இருக்கா மேடம்” என்று சொல்லிவிட்டுச் சொட்டு அவருக்கு முன்பாக ஓடினாள். எழும்போது மேசையிலிருந்த மூடியை ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்தெட்டு. மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக இறங்கினாள். அழுகை வந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் நேரமில்லை. ஆமை அலுவலகத்துக்குப் போய் வெகு நேரம் ஆகிவிட்டது. இந்நேரம் முத்திரை குத்தி உள்ளே போயிருக்கும்.

அலுவலக ஜன்னலில் வரிசை இல்லை. ஒரே ஒருத்திதான் ஓரமாக நின்று தாளைச் சுவரில் அழுத்திப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தாள். ‘மாற்றத்துக்கான காரணம்’ என்ற கட்டத்தை ஆமை இரண்டு முறை எழுதி, இரண்டு முறை அடித்து, மூன்றாவது முறையாக ஆரம்பித்திருந்தாள்.

“கொடுக்காதே” என்றாள் சொட்டு. மூச்சிரைத்தது. “உன்னைக் கூப்பிடுறாங்க. நேர்காணலுக்கு.”

“என்னையா? எதுக்கு?”

“உன் அம்பத்தெட்டுக்கு. அதுதான் சரியான எண். நான் மூடியையும் சேர்த்து எடை போட்டுட்டேன். என்னோடது அம்பத்தொம்பதுதான். உன் கையில ஒண்ணும் இல்லடி, உன் கை நல்ல கை.”

ஆமை பேனாவின் மூடியைப் போட்டாள். தாளை ஒரு முறை பார்த்தாள். அவள் முகம் மலரும் என்று சொட்டு காத்திருந்தாள். ஆமையின் முகம் எதையும் அவசரமாகச் செய்யாது.

“உனக்கு எப்போ தெரியும்?”

அதே கேள்வி. மாடியில் மூன்று பேருக்கு முன்னால் அதற்குப் பதில் சொல்ல முடிந்தது. இங்கே முடியவில்லை.

“நாம நடைபாதையில பேசினோமே,” என்றாள் ஆமை, “அப்போ தெரியுமா?”

“தெரியும்.”

ஆமை விண்ணப்பத்தை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், ஓரங்களை நகத்தால் தேய்த்தாள், பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். இரண்டு வருடம் ஒரே மேசையில் நின்றவர்கள். திட்டுவாள் என்று சொட்டு எதிர்பார்த்தாள். ஒரு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

ஆமை கையை நீட்டினாள். “அந்த மூடி எங்க?”

சொட்டு கையை விரித்தாள். உள்ளங்கையில் மூடியின் வட்டம் பதிந்திருந்தது.

“எவ்வளவு?”

“0.86.”

ஆமை மூடியை எடுத்துக்கொண்டாள். “நான் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கிறேன்” என்றாள்.

மேடம் அப்போதுதான் படியிறங்கி வந்து மூச்சு வாங்கினார். மாடியில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஆமை மேடத்தையும் சொட்டுவையும் கடந்து, நேர்காணல் அறைக்குப் போகும் படிகளை விட்டுவிட்டு, தராசு இருக்கும் ஆய்வகத்துப் பக்கம் தன் வழக்கமான நடையில் நடந்து போனாள்.